உயரம் 25 மில்லிமீட்டர்

மேசைக் கணினி என்றதும் காலடியில் நிற்கும் பெரிய கேபினெட்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அதைத் திறந்து பார்த்தால் உள்ளே பெரும்பகுதி வெற்றிடம். 1995-இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் அளவில் மதர்போர்டு 305 x 244 மில்லிமீட்டர். சவுண்ட் கார்டு, நெட்வொர்க் கார்டு என்று ஒவ்வொன்றையும் தனியாகச் செருகிய காலத்துக்கு அந்த இடம் வேண்டியிருந்தது. இப்போது அவை போர்டிலேயே வந்துவிடுகின்றன. 2001-இல் தைவானின் வியா நிறுவனம் 170 மி.மீ. சதுரத்தில் மினி ஐடிஎக்ஸ் போர்டை அறிமுகப்படுத்தியது. நீள அகலம் சுருங்கிவிட்டது. உயரம் மட்டும் அப்படியே நின்றது.

அதையும் குறைக்க இன்டெல் முன்வைத்ததுதான் தின் மினி ஐடிஎக்ஸ். இதில் பின்பக்கப் போர்ட்டுகளின் உயரம் 25 மி.மீ.தான். செங்குத்தாக நின்ற ராமுக்குப் பதில் லேப்டாப் ராம் படுத்த வாக்கில் அமர்கிறது. சாய்த்துச் செருகி மெதுவாக அழுத்தினால் இரு ஓரக் கொக்கிகளும் ‘டிக்’கென்று பிடித்துக்கொள்ளும்.

ஆனால் பெரிய மாற்றம் மின்சாரத்தில். 230 வோல்ட்டை இறக்கித்தரும் பவர் சப்ளை கேபினெட்டுக்குள் கிடையாது. லேப்டாப்புக்கு இருப்பதுபோல் 19 வோல்ட் அடாப்டர் வெளியே இருக்கிறது. 4.74 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தால் அது 90 வாட். மின்சாரத்தை மாற்றும்போது வீணாகும் ஆற்றல் வெப்பமாகத்தான் வெளிப்படும். அதில் ஒரு பங்கை இப்படிப் பெட்டிக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவது அருமையான யோசனை. அடாப்டர் வாங்கும்போது வோல்ட்டேஜ் மட்டும் பார்த்தால் போதாது. பின்னின் அளவும் போர்டின் கையேட்டில் சொன்னபடி இருக்க வேண்டும்.

மீதி வேலை போர்டின் தலையில் விழுகிறது. பிராசசர் கேட்பது ஏறக்குறைய 1 வோல்ட். 35 வாட் பிராசசருக்கு அந்த வோல்ட்டேஜில் 35 ஆம்பியர் போக வேண்டும்! சாக்கெட்டை ஒட்டி வரிசையாக இருக்கும் கறுப்பு, சாம்பல் நிறச் சிறு கட்டைகளைக் கவனியுங்கள். வினாடிக்குப் பல லட்சம் முறை மின்சாரத்தை வெட்டி, சமன்படுத்தி, 19-ஐ 1-ஆக இறக்குவது அவைதான். பிராசசரைப் போலவே அவையும் சுடும்.

அதனால் கூலரைத் தேர்ந்தெடுப்பதில்தான் நான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன். நாக்டுவாவின் என்எச்-எல்9ஐ 37 மி.மீ. உயரம்: ஹீட்சிங்க் 23, ஃபேன் 14. மேலிருந்து கீழே ஊதுவதால் பக்கத்தில் உள்ள அந்தக் கட்டைகளுக்கும் காற்று கிடைக்கும். கேபினெட் இதைவிட மெல்லியது என்றால், செப்புக் குழாய் வழியே வெப்பத்தைப் போர்டின் ஓரத்துக்குக் கடத்தி அங்கே ஊதித்தள்ளும் ரகம் வேண்டும். அந்தக் குழாய்க்குள் இருப்பது சிறிதளவு திரவம். சூடான முனையில் ஆவியாகி, குளிர்ந்த முனையில் மறுபடி திரவமாகி, உட்சுவரின் நுண்துளைகள் வழியே திரும்பி வருகிறது. கெட்டியான செப்புக் கம்பியால் இந்த வேகத்தில் வெப்பத்தைக் கடத்த முடியாது.

பிராசசரில் ஆசைக்கு அணை போடுங்கள். இன்டெல் வரிசையில் பெயர் ‘டி’ என்று முடியும் 35 வாட் ரகங்கள் இத்தகைய கேபினெட்டுக்குப் பொருத்தமானவை. அவையும் வேலை கூடும்போது சில வினாடிகளுக்கு 35-ஐத் தாண்டி இழுக்கும் என்பதால் அடாப்டரில் கொஞ்சம் கூடுதல் திறன் இருக்கட்டும். எழுத்து, படிப்பு, படம் பார்ப்பது, புரோகிராமிங் எல்லாவற்றுக்கும் இது தாராளம். பெரிய கிராஃபிக்ஸ் கார்டு கேட்கும் கேம்களுக்கு இந்தப் பாதை வேண்டாம்.

மூடியைத் திறந்துவைத்துச் சோதிப்பதில் பயனில்லை. திருகுகளைப் பூட்டி, அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓடவிட்டு வெப்பநிலையைப் பாருங்கள். 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் பயாஸில் பவர் லிமிட்டைக் கொஞ்சம் இறக்கி, மறுபடி ஓட்டுங்கள்.