பிழையின் முகவரி

ஒற்றை ஒற்றையாக அணுக்களைப் பிடித்து நிறுத்திக் கணக்குப் போட வைக்கிறது ஒரு கணினி. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மிகயீல் லூக்கின் குழுவினர் உருவாக்கியது. வெற்றிடக் கலனுக்குள் லேசர் ஒளியைப் புள்ளி புள்ளியாகக் குவித்து, புள்ளிக்கு ஒரு ருபிடியம் அணுவைச் சிக்கவைக்கிறார்கள். ஒவ்வோர் அணுவும் ஒரு கியூபிட், அதாவது குவாண்டம் கணினியின் தகவல் அலகு. இரண்டை அருகருகே கொண்டுவந்து லேசரால் ரிட்பெர்க் என்ற உயர் ஆற்றல் நிலைக்குத் தூண்டினால், ஒன்று மற்றதைக் கட்டுப்படுத்தும். கணக்கு நடப்பது இப்படித்தான்.

2023-இல் இந்தச் செயல் 99.5 சதவீதத் துல்லியத்தை எட்டியது. அப்படியும் 200 செயல்களுக்கு ஒரு பிழை! கோடிக்கணக்கான செயல்கள் கொண்ட கணக்கில் விடை மிஞ்சாது.

நகல் எடுத்து வைத்துக்கொள்ள முடியாதா? முடியாது. முன்பின் அறியாத குவாண்டம் நிலையைப் பிரதி எடுக்க இயலாது என்று 1982-இல் நிரூபித்துவிட்டார்கள். படித்துப் பார்த்தாலோ நிலை கலைந்துபோகும். 1995-இல் கணிதவியலாளர் பீட்டர் ஷோர் வழி கண்டார்: ஒரு கியூபிட்டின் தகவலை ஒன்பதில் பரப்பி வைக்கலாம், தகவலைத் தொடாமல், அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று மட்டும் சோதிக்கலாம். எங்கே முரண் தெரிகிறதோ, அங்கிருந்து பிழையை ஊகித்துத் திருத்தலாம்.

2023 டிசம்பரில் ஹார்வர்டு குழு 280 அணுக்கள் வரை கையாண்டு இதைச் செய்து காட்டியது. அணுக்களைச் சதுரமாக அடுக்கி, பக்கத்துக்கு 3 என்பதை 7 ஆக்கியபோது பிழை குறைந்தது.

ஆனால் ஊகத்துக்கு எல்லை உண்டு. மளிகைக் கடைச் சீட்டில் ஒரு விலை அழிந்திருந்தால், மொத்தத் தொகையை வைத்து அதைக் கண்டுபிடித்துவிடலாம். ஏதோ ஒரு விலை தவறு என்று மட்டும் தெரிந்தால், எதைத் திருத்துவது? பக்கத்துக்கு 7 அணு கொண்ட அடுக்கும் அப்படித்தான்: இடம் தெரியாத பிழைகள் என்றால் 3 வரை உறுதியாகத் திருத்தும், இடம் தெரிந்தால் 6 வரை.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஜெஃப் தாம்சன் குழு 2022-இல் முன்வைத்த யோசனை இந்த வேறுபாட்டைத்தான் பற்றிக்கொண்டது. இட்டெர்பியம் அணுவின் ஆற்றல் நிலைகளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால், பெரும்பாலான பிழைகள் அணுவை வேறொரு நிலைக்குத் தள்ளிவிடும். அந்த நிலையில் இருப்பவை மட்டும் ஒளிரும்படி லேசர் பாய்ச்சினால், கெட்ட அணு தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும்; மற்றவை கலையாது.

2025-இல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் (கால்டெக்) குழு 6,100 சீசியம் அணுக்களை ஒரே அடுக்கில் பிடித்துவிட்டது. எண்ணிக்கை இனி பெரிய தடையல்ல. எந்த அணு தவறியது என்பதை உடனுக்குடன் அறிகிற கருவியே நம்பகமான குவாண்டம் கணினியாக வளரும்.