காட்டுப்பள்ளியிலிருந்து ஒரு நாட்காட்டி: கடலோரத்தின் ஆண்டு விழாக்கள்

தமிழில் ‘பள்ளி’ என்னும் சொல்லுக்குப் பல பொருள்கள் உண்டு. சிற்றூருக்கும் அதுவே பெயர். சமணத் துறவியர் தங்கிய இடத்துக்கும் அதுவே பெயர். பிள்ளைகள் கல்வி கற்கும் கூடத்துக்கும் அதுவே பெயர். இறைவனைத் தொழுவதற்காக நாம் எழுப்பிய இல்லத்தையும் ‘பள்ளிவாசல்’ என்றே நம் முன்னோர் அழைத்தனர். மனிதர் கூடும் இடங்களையெல்லாம் ஒரே சொல்லால் சுட்டிய மொழி நம்முடையது. அச்சொல்லைத் தன் பெயரில் தாங்கி நிற்கும் ஊர்களுள் ஒன்று, திருவள்ளூர் மாவட்டத்துக் காட்டுப்பள்ளி.

எண்ணூருக்கு வடக்கே, ஒருபுறம் வங்கக் கடலும் மறுபுறம் பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழியுமாக நீண்டு கிடக்கும் மணல்திட்டு அது. 2010ஆம் ஆண்டில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் அங்கே செயற்படத் தொடங்கியது. 2013இல் துறைமுகம் இயங்கலாயிற்று. 2018இல் அது அதானி குழுமத்தின் கைக்கு மாறியது. மேற்கே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை. பல மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த பல்லாயிரவர் இப்பகுதியில் வாழ்கின்றனர். அவர்களுள் நம் சமுதாயத்து இளைஞர்களும் உளர். விடுமுறை நாளில் இவர்கள் குடும்பத்தோடு எங்கே செல்வர்? இந்தக் கடலோரத்திலும் அருகிலுள்ள சென்னை மாநகரிலும் ஆண்டுதோறும் நிகழும் கூடுகைகளுள் காணத்தக்கவை எவை? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அதற்கு முன் தீர்க்க வேண்டிய ஐயம் ஒன்றுண்டு. திருவிழா என்றதும் நம்மவர் சிலர் ஒதுங்கி நிற்கின்றனர். பிற சமயத்தார் வழிபாட்டில் கலப்பது நம் மார்க்கத்துக்கு உடன்பாடன்று என்பதில் கருத்து வேறுபாடில்லை. ஆயினும் வணக்கம் வேறு, கூடுகை வேறு. அறியாமைக் காலத்து அரபுலகில் உக்காழ், மஜன்னா, துல்மஜாஸ் என மூன்று ஆண்டுச் சந்தைகள் புகழ்பெற்றிருந்தன. வணிகமும் கவியரங்கமும் அங்கே ஒருங்கே நடந்தன. இஸ்லாம் வந்தபின் ஹஜ்ஜுடைய காலத்தில் அச்சந்தைகளில் வாணிபம் செய்வது பாவமோ என நபித்தோழர்கள் அஞ்சினர். அப்போதுதான், இறைவனின் அருளைத் தேடுவது குற்றமன்று என்னும் கருத்தமைந்த ‘அல்பகரா’ அத்தியாயத்தின் 198ஆம் வசனம் இறங்கியது என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பது ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. பெருநாளன்று மஸ்ஜிதுந் நபவியில் அபிசீனியர்கள் ஈட்டி வீசி விளையாடியதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள், அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கண்டு களிக்கும்வரை பொறுத்து நின்ற நிகழ்ச்சியையும் நாம் அறிவோம். மக்கள் கூடுமிடத்தில் கற்கவும் மகிழவும் நமக்கு இடமுண்டு என்பதற்கு இவை போதிய சான்றுகள்.

இனி நாட்காட்டிக்கு வருவோம். இக்கடலோரத்தில் வாழ்பவர் கையில் ஒன்றல்ல, மூன்று நாட்காட்டிகள் இருக்க வேண்டும். முதலாவது கதிரவனைப் பின்பற்றுவது. பொங்கலும் புத்தகக் காட்சியும் அதன் வழிப்பட்டவை. இரண்டாவது பிறையைப் பின்பற்றும் ஹிஜ்ரி நாட்காட்டி. அதன் ஆண்டு ஏறத்தாழ 354 நாள்களே ஆதலின், நம் பெருநாள்கள் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்து, சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகின்றன. மூன்றாவது கடல் வகுத்த நாட்காட்டி; பறவைகளின் வருகையும் மீன்களின் இனப்பெருக்கமும் அதன் குறிப்புகள்.

கடல் வகுத்ததையே முதலில் எடுத்துக்கொள்வோம். காட்டுப்பள்ளிக்கு வடக்கே பரந்து கிடப்பது பழவேற்காடு ஏரி. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த பெருமை இதற்கே உரியது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், மார்ச் மாதம் வரை பூநாரைகளும் கூழைக்கடாக்களும் வேறு பல நீர்ப்பறவைகளும் இங்கே திரள்கின்றன. இவற்றை முன்னிட்டு ஆந்திர அரசு 2001 முதல் சூலூர்ப்பேட்டையில் பூநாரைத் திருவிழாவை நடத்தலாயிற்று. இடையில் சில ஆண்டுகள் தடைப்பட்ட அவ்விழா, 2025 ஜனவரி 18 முதல் 20 வரை மீண்டும் நடைபெற்றது. அருகிலுள்ள நேலப்பட்டுச் சரணாலயத்தில் கூழைக்கடாக்கள் கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பதைக் காணலாம். மீஞ்சூரிலோ பொன்னேரியிலோ வடக்கு நோக்கிச் செல்லும் புறநகர் ரயிலில் ஏறினால் சூலூர்ப்பேட்டையில் இறங்கலாம். விடியற்காலையே பறவை காண ஏற்ற நேரம். சுப்ஹு தொழுது புறப்படும் பழக்கமுடையவர்க்கு இது எளிது.

ஏரிக்கரைப் பழவேற்காட்டையும் பார்க்காமல் திரும்பலாகாது. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கடலோரத்தைப் பற்றி எழுதிய போர்த்துக்கீசியர் துவார்த்தே பர்போசா, இத்துறைமுகத்தில் முஸ்லிம் வணிகர் இருந்ததைக் குறித்துள்ளார். 1613இல் டச்சுக்காரர் இங்கே ஜெல்டிரியா கோட்டையை எழுப்பினர். துணியும் நறுமணப் பொருளும் மட்டுமன்றி, அடிமைகளாக மனிதர்களும் இத்துறையிலிருந்து கப்பலேற்றப்பட்டனர் என்பதை மறத்தல் தகாது. கோட்டை அழிந்துவிட்டது, செதுக்குக் கற்கள் நிறைந்த டச்சுக் கல்லறைத் தோட்டம் எஞ்சியுள்ளது. ஊரின் பள்ளிவாசல் ஒன்றில் நேரம் காட்டும் சூரியக் கடிகாரம் இருக்கிறது. நிழல் நகர்வதைக் கொண்டு தொழுகை நேரம் அறிந்த முன்னோரின் கணித அறிவைப் பிள்ளைகளுக்குக் காட்ட இதனினும் நல்ல பாடம் வேண்டுமோ?

அதே ரயில் பாதையில் தெற்கு நோக்கிச் சென்றால் சென்னை. மார்கழியில் அந்நகரம் இசையில் திளைக்கிறது. 1927இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டின் விளைவாக, 1928இல் மியூசிக் அகாதெமி தோன்றியது. அதன் டிசம்பர் விழாவைச் சுற்றியே இன்றைய இசைப்பருவம் வளர்ந்தது. பகற்பொழுதுக் கச்சேரிகள் பலவற்றுக்குக் கட்டணமில்லை. நாகசுர மேதை ஷேக் சின்ன மௌலானா அவர்களுக்கு 1998இல் அந்த அகாதெமி ‘சங்கீத கலாநிதி’ விருதளித்தது என்பது நம் வாசகர் நினைவில் கொள்ளத்தக்கது.

பொங்கலையொட்டி நிகழும் சென்னைப் புத்தகக் காட்சியை நாம் இப்பட்டியலின் தலையாய கூடுகையாகக் கருதுகிறோம். 1977இல் அது முதன்முதலாக நடந்த இடம், அண்ணா சாலையிலுள்ள மதரஸா-இ-ஆஸம் பள்ளி வளாகம். நவாபுகளின் பெயரோடு பிணைந்த கல்விக்கூடமொன்றில் சுமார் இருபது அரங்குகளோடு தொடங்கிய காட்சி, அண்மை ஆண்டுகளில் நந்தனத்தில் ஏறத்தாழ 900 அரங்குகளாக விரிந்துள்ளது. இஸ்லாமிய நூல் வெளியீட்டாளரும் அங்கே கடை விரிக்கின்றனர். ஆனால் நாம் அவர்களுடைய அரங்குகளில் மட்டும் நின்றுவிட்டுத் திரும்புவதேன்? வரலாறும் அறிவியலும் புனைகதையும் விற்கும் கடைகளில் நம் பிள்ளைகள் நின்று புரட்ட வேண்டும். நம் அரங்குகளுக்குப் பிற சமயத்தார் வந்து புரட்டவும் வேண்டும். உக்காழின் உண்மையான வாரிசு இத்தகைய சந்தையே. அதே பொங்கல் நாள்களில் பூங்காக்களிலும் திடல்களிலும் நாட்டுப்புறக் கலைகள் அரங்கேறும் ‘சென்னை சங்கமம்’ 2007இல் தொடங்கியது. சில ஆண்டுகள் நின்று, 2023இல் புத்துயிர் பெற்றது.

மாசி மகத்தன்று கோயில் மூர்த்திகளைக் கடற்கரைக்கு எடுத்துவந்து தீர்த்தவாரி நடத்துவது இக்கரை முழுவதும் உள்ள வழக்கம். பங்குனியில் மயிலாப்பூரின் அறுபத்துமூவர் விழா. வழிபாட்டில் பங்கேற்காமலே, அண்டை வீட்டார் எதனைப் போற்றுகின்றனர் என்பதை அறிந்துகொள்வது நல்லுறவின் முதற்படி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. வலை பின்னுவதையும் படகு பழுது பார்ப்பதையும் அருகிருந்து காண விரும்புவோர் அந்நாள்களில் துறைமுகங்களுக்குச் செல்லலாம்.

ஆகஸ்டு 22 சென்னை தினம். 1639இல் ஆங்கிலேயர் நிலம் பெற்ற அந்நாளை 2004 முதல் ஆர்வலர்கள் நடைப்பயணங்களாலும் சொற்பொழிவுகளாலும் நினைவுகூர்கின்றனர். அந்த ஆங்கிலேயர் அதற்குமுன் தங்கியிருந்தது பழவேற்காடு ஏரியின் வடகோடியையொட்டிய ஆர்மகானில் என்பதைப் பலர் அறியார். இன்றைய மாநகரின் வரலாறு நம் ஏரிக்கரையிலிருந்தே புறப்பட்டது. அம்மாத இறுதியில், 29ஆம் நாள் தொடங்கிச் செப்டம்பர் 8 வரை, பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணி ஆலயத் திருவிழா கடற்கரையை நிறைக்கிறது.

பிறை வகுத்த நாட்காட்டியில் முதலிடம் ரமளானுக்கே. திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் 1795இல் கட்டப்பட்டது. நோன்பு மாதம் முழுவதும் மாலையில் அங்கே கூடும் நோன்பாளிகளுக்கு, மயிலாப்பூரைச் சேர்ந்த சூஃபிதார் அறக்கட்டளையின் இந்து அன்பர்கள் பல பத்தாண்டுகளாக உணவு சமைத்துக் கொணர்ந்து தம் கையாலேயே பரிமாறி வருகின்றனர். நகரின் எந்த விழாவையும்விட நம் நெஞ்சைத் தொடுவது இக்காட்சி. வரும் 2030ஆம் ஆண்டில் ஜனவரியிலும் டிசம்பர் இறுதியிலுமாக ரமளான் இருமுறை வரும். அந்த ஜனவரியில் புத்தகக் காட்சியும் நோன்பும் ஒருசேர வரக்கூடும். நூல் வாங்கச் செல்வோர் இஃப்தாருக்கு வாலாஜா பள்ளிக்குச் சென்று சேரலாம்.

முஹர்ரம் பத்தாம் நாளில் ஆயிரம் விளக்குப் பகுதியில் ஷியா சகோதரர்களின் துக்க ஊர்வலம் நடக்கிறது. அப்பகுதியின் பெயரே முஹர்ரம் கூட்டங்களுக்காக அங்கே ஏற்றப்பட்ட விளக்குகளால் வந்தது. தெற்கே கோவளத்தில், நபித்தோழர் தமீமுல் அன்சாரி (ரலி) அவர்களுடைய அடக்கவிடமென மக்கள் போற்றும் தர்கா உள்ளது. இன்னும் தெற்கே நாகூரில் ஜமாதுல் ஆகிர் முதற்பிறையில் கொடியேறி, பத்தாம் இரவில் நாகப்பட்டினத்திலிருந்து சந்தனக்கூடு வந்து சேரும். கந்தூரியின் மார்க்கத் தகுதி பற்றி நம்முள் நெடுங்கால விவாதம் உண்டு; அதனை ஆலிம்களிடம் விடுவோம். ஆயினும் அங்குள்ள ஐந்து மினாராக்களுள் உயரமான 131 அடி மினாராவைத் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங் கட்டுவித்தார் என்பதும், நாகூர் நினைவைச் சுமந்து சென்ற வணிகர்கள் 1828-30இல் சிங்கப்பூரிலும் ஒரு கட்டடம் எழுப்பினர் என்பதும் வரலாறு. விவாதிப்பவரும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு அது.

இவற்றையெல்லாம் வேடிக்கைப் பட்டியலாக நாம் தொகுக்கவில்லை. கூடுகைகள் தாமே நிலைப்பவை அல்ல. அவற்றைத் தாங்கும் இடமும் மக்களும் நிலைத்தால்தான் அவையும் நிலைக்கும். 2023 டிசம்பரில் பெருமழை வெள்ளத்தோடு எண்ணெய்க் கசடு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது, சிறகெல்லாம் கறையேறிய கூழைக்கடாக்களை நாடே கண்டது. மீனவர் வாரக்கணக்கில் தொழிலிழந்தனர். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கும் திட்டம் பற்றி ஏரியை நம்பி வாழ்வோர் அச்சம் தெரிவித்துள்ளனர். 2023 செப்டம்பர் 5ஆம் நாளுக்குக் குறித்த கருத்துக்கேட்புக் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. துறைமுகம் வேலை தருகிறது. நம் இளைஞரும் அவ்வேலையால் வாழ்கின்றனர். ஏரியும் வேலை தருகிறது. மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிரும் ‘பாடு’ என்னும் பழைய ஒழுங்கு அங்கே இன்றும் உண்டு. இரண்டனுள் எதற்கு எவ்வளவு இடம் என்னும் கேள்வியில், ஏரியை ஒருமுறையேனும் நேரில் பார்த்தவனின் சொல்லுக்கும் பாராதவனின் சொல்லுக்கும் வேறுபாடு இருக்கும்.

ஆகவே வாசகர்களுக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் எளியது. நீங்கள் வாழும் ஊரிலிருந்து ஐம்பது கல் தொலைவுக்குள் நிகழும் ஆண்டுக் கூடுகைகளை, மூன்று நாட்காட்டிகளையும் வைத்து, ஒரே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறையைச் சார்ந்தவற்றுக்குத் தலைமை காஜியின் அறிவிப்பைப் பார்த்து நாளைத் திருத்திக்கொள்ளுங்கள். ஜமாஅத்துகள் விரும்பினால் மக்தப் பிள்ளைகளை மழைக்காலம் முடிந்ததும் ஒரு வேன் அமர்த்திப் பழவேற்காட்டுக்கு அழைத்துச் செல்லலாம். காலையில் பறவைகள், முற்பகலில் கல்லறைத் தோட்டம், லுஹருக்குப் பள்ளிவாசல். தொழுகைக்கு முன், சூரியக் கடிகாரத்தில் நிழல் எங்கே விழுகிறது என்று பிள்ளைகளே பார்த்துச் சொல்லட்டும்.