சாரணர் முகாமின் சுடுதளம் கற்பிப்பது என்ன?

பதினொரு, பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் றைபிளைக் கொடுத்துக் குறிபார்த்துச் சுடக் கற்பிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் இந்நாட்டவர், விசேடமாக வடக்கு, கிழக்கில் வாழ்ந்தவர்கள், ஒருகணம் திடுக்கிடவே செய்வர். பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு அவன் திரும்பி வரும்வரை படலையடியில் நின்ற தாய்மாரை நாம் அறிவோம். 2009 மே மாதத்தில் யுத்தம் முடிவுற்றது. ஆயினும் சிறுவனும் துவக்கும் ஒரே வசனத்தில் இடம்பெறும்போது நமக்கு ஏற்படும் கலக்கம் இன்னமும் தீர்ந்தபாடில்லை. ஆயுத மோதல்களில் சிறுவர்கள் ஈடுபடுத்தப்படுவது தொடர்பான ஐக்கிய நாடுகள் சபையின் விருப்ப நெறிமுறை 2000 மே மாதம் நிறைவேற்றப்பட்டபோது, அதே ஆண்டிலேயே அதனை ஏற்று உறுதிப்படுத்திய நாடுகளுள் இலங்கையும் ஒன்று. உறுதிப்படுத்திய பின்னரும் இங்கு நிகழ்ந்தவை யாவருமறிந்தவையே.

எனினும் ஐக்கிய அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் சாரணர் இயக்கத்தினர் நூறாண்டுகளுக்கும் மேலாகத் துப்பாக்கி சுடுதலை ஒரு பயிற்சியாகக் கற்பித்து வருகின்றனர். அதனை நமது அனுபவத்தின் கண்ணாடியினூடாக மட்டும் பார்த்தால் அங்கு உண்மையில் நடப்பது என்னவென்பது விளங்காது போய்விடும். அப்பயிற்சி முற்றிலும் குற்றமற்றது என்று கூறுவதும் இக்கட்டுரையின் நோக்கமன்று.

சாரணர் இயக்கத்தின் பிறப்பிலேயே துப்பாக்கிப் புகை கலந்திருந்தது. தென்னாபிரிக்காவில் போவர் யுத்தத்தின்போது 1899 ஒக்டோபர் முதல் 1900 மே வரை 217 நாட்கள் முற்றுகையிடப்பட்டிருந்த மாபெக்கிங் நகரைக் காத்து நின்ற தளபதியே பேடன் பவல். அங்கு செய்தி காவிச் சென்ற சிறுவர் அணியின் திறமையே பின்னாளில் அவரது சிந்தனைக்கு வித்திட்டவற்றுள் ஒன்று. அந்த யுத்தம் பிரித்தானியாவுக்கு இன்னொரு பாடத்தையும் புகட்டிற்று. விவசாயிகளான போவர்களின் குறி தவறாத சூட்டுக்கு முன்னால் பேரரசின் சிப்பாய்கள் தடுமாறினர். அதன் எதிரொலியாகவே சாதாரண தொழிலாளர்களும் குறிபார்த்துச் சுடப் பழகவேண்டுமென்று 1901இல் றொபேர்ட்ஸ் பிரபுவின் முன்முயற்சியில் தொழிலாளர் றைபிள் கழகங்களின் சங்கம் தோன்றியது. 1907 ஓகஸ்டில் பிரவுண்சீ தீவில் நடைபெற்ற பரீட்சார்த்த முகாமும், 1908இல் பகுதி பகுதியாக வெளிவந்த சாரணர் கைநூலும் இந்தக் காலச்சூழலின் பிள்ளைகளே. ஒவ்வொரு சிறுவனும் சுடத் தெரிந்திருக்கவேண்டும் என்று பேடன் பவல் அந்நூலில் வற்புறுத்தியதில் வியப்பில்லை.

வியப்புக்குரியது யாதெனில், இதற்கான எதிர்ப்பு வெளியிலிருந்து மட்டுமன்றி இயக்கத்தின் உள்ளேயிருந்தும் உடனேயே கிளம்பியமைதான். லண்டன் நகர ஆணையாளராக விளங்கிய பிரான்சிஸ் வேன், சாரணியம் சமாதானத்துக்கானதாக இருக்கவேண்டும், இராணுவத்தின் நாற்றுமேடையாக அமையக்கூடாது என்று வாதிட்டார். 1909இல் அவர் பதவி இழக்க நேர்ந்தது. 1912ஆம் ஆண்டு, மாத்தளை கிறைஸ்ட் சேர்ச் கல்லூரியில் பிரான்சிஸ் ஜோர்ஜ் ஸ்ரீவன்ஸ் இலங்கையின் முதலாவது சாரணர் குழுவை ஆரம்பித்த ஆண்டாக நமக்கு நினைவிருக்கும். அதே ஆண்டில் நியூயோர்க்கில் வேறொரு விபரீதம் நிகழ்ந்தது. பத்திரிகை அதிபர் ஹேர்ஸ்டின் ஆதரவில் தோன்றிய போட்டிச் சாரணர் அமைப்பொன்று தன் உறுப்பினர்களுக்கு றைபிள்களை வழங்கிப் பழக்கியது. அதன் உறுப்பினனான சிறுவன் ஒருவன் மற்றொரு சிறுவனைச் சுட்டுவிட்டான். பிரதான அமைப்பான அமெரிக்க சிறுவர் சாரணர் சங்கம் அந்தப் போட்டி அமைப்பிலிருந்தும் இராணுவப் பாங்கிலிருந்தும் தன்னை விலக்கிக் காட்டவேண்டிய நிர்ப்பந்தத்துக்கு உள்ளானது. இன்று அச்சங்கத்தின் சுடுதளத்தில் காணப்படும் விதிகளின் பெருக்கத்தைப் புரிந்துகொள்ள இப்பழங்கதை உதவும்.

2025 பெப்ரவரி முதல் 'ஸ்கவுட்டிங் அமெரிக்கா' எனப் பெயர் மாற்றம் பெற்றுள்ள அச்சங்கத்தில், சுடுதல் வயதுக்கேற்பப் படிப்படியாகவே அனுமதிக்கப்படுகிறது. குருளைச் சாரணருக்கு வில்லம்பு, காற்றழுத்தத்தால் சிறு உருண்டைகளை எய்யும் துப்பாக்கி போன்றவையே உரியவை. அவையும் வீட்டு முற்றத்தில் அல்ல, அங்கீகரிக்கப்பட்ட முகாம்களில் மட்டுமே. உண்மையான றைபிள் அதற்கடுத்த வயதினருக்கே வருகிறது. அது பொதுவாக .22 விட்டமுள்ள, ஒரு தடவைக்கு ஒரு தோட்டா மட்டுமே ஏற்றக்கூடிய றைபிளாகும். ஒவ்வொரு சூட்டுக்கும் பின்னர் சிறுவன் திறவுகோலை இழுத்து, வெறுங்கோதை வெளியேற்றி, அடுத்த தோட்டாவைக் கையால் வைக்கவேண்டும். வேகம் இதில் சாத்தியமில்லை. தெரிவுக்கான காரணமும் அதுவே.

.22 தோட்டாவைச் சிறியது என்று எண்ணி ஏமாறுவோர் பலர். சுண்டுவிரலின் பாதியளவேயான அந்தத் தோட்டாவின் பெட்டியில், அது ஒன்றரை மைல் தூரம் வரை ஆபத்தானது என்ற எச்சரிக்கை அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். ஆகவேதான் சுடுதளத்தின் எல்லையில் உயர்ந்த மண்மேடு அமைக்கப்படுகிறது. குறித்தவறிய தோட்டா எங்கே போய்ச் சேரும் என்பதே முதலில் சிந்திக்கவேண்டிய விடயம். குறிப்பலகை அதற்குப் பின்னரே.

சுடத் தொடங்குமுன் மூன்று விதிகள் மனனம் செய்விக்கப்படுகின்றன. துப்பாக்கியின் வாய் எப்போதும் பாதுகாப்பான திசையையே நோக்கியிருக்க வேண்டும். சுடுவதற்குத் தயாராகும்வரை விரல் விசையின்மீது படக்கூடாது. சுடும் தருணம் வரை தோட்டா ஏற்றப்படக்கூடாது. இம்மூன்றில் ஏதேனும் ஒன்று மீறப்பட்டாலும் மற்றவை ஓர் உயிரைக் காக்கும். விபத்து நிகழ வேண்டுமாயின் பொதுவாக ஒன்றுக்கு மேற்பட்டவை ஒரேநேரத்தில் மீறப்பட்டிருக்க வேண்டும். இந்த எளிய கணக்கைச் சிறுவர்கள் விரைவில் பிடித்துக்கொள்கின்றனர்.

சுடுதளத்தில் அதிகாரம் ஒருவருக்கே உரியது. தளப் பொறுப்பாளரின் கட்டளை இன்றி எவரும் கோட்டைத் தாண்டவோ றைபிளைத் தொடவோ முடியாது. சுடுவோர் கோட்டுக்கு வருக, தோட்டா ஏற்றுக, சுடுக, நிறுத்துக என்று கட்டளைகள் ஒழுங்காக வரும். இவற்றுள் 'நிறுத்துக' என்பது மட்டும் எவருக்கும் சொந்தமானது. ஆபத்தொன்றைக் கண்ட மிகச் சிறிய பையனும் அதனை உரக்கக் கூவலாம். கூவினால் பெரியவர்கள் உட்பட அனைவரும் அடங்கியே ஆகவேண்டும். சிறுவனுக்கு இத்தகைய அதிகாரத்தை வழங்கும் இடங்கள் உலகில் அதிகமில்லை; நமது வகுப்பறைகளை எண்ணிப் பார்த்தால் இது புரியும். நிறுத்திய பின்னர் திறவுகோல்கள் திறக்கப்பட்டு, அறைகள் வெறுமையாக உள்ளனவா எனப் பொறுப்பாளர் ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே குறிப்பலகைகளை நோக்கி நடக்க அனுமதி கிடைக்கும். விசையை இழுத்தும் வெடிக்காத தோட்டா, சில விநாடிகள் தாமதித்தும் வெடிக்கக்கூடும். ஆகையால் றைபிளின் வாயைக் குறிப்பலகைத் திசையிலேயே வைத்துக் காத்திருக்கப் பழக்குகிறார்கள். கண்களுக்கும் காதுகளுக்கும் கவசம் கட்டாயம். ஈயத் தூசு உடலுக்குக் கேடாதலின், கை கழுவாமல் எதையும் உண்ணக்கூடாது.

குறிபார்க்கும் கலை இதற்குப் பின்னரே கற்பிக்கப்படுகிறது. அதிலும் சிறுவர்களின் எதிர்பார்ப்புக்கு மாறான சில விடயங்கள் உண்டு. கண் இலக்கின்மீது பதியக்கூடாது. றைபிளின் முன்முனைக் குறிமுளையின்மீது பதியவேண்டும், இலக்கு சற்று மங்கலாகத் தெரியட்டும் என்பார் பயிற்றுநர். மூச்சை ஓரளவு வெளிவிட்டு நிறுத்தி, விசையைச் சட்டென இழுக்காமல் மெல்ல அழுத்தவேண்டும். வெடிக்கும் கணம் சுடுபவனுக்கே எதிர்பாராததாக இருந்தால் தோள் முன்கூட்டியே நடுங்காது. வலக்கைப் பழக்கமுள்ள சிலருக்கு இடக்கண் மேலோங்கியிருக்கும். அதனைக் கண்டறியாமல் பழக்கினால் எவ்வளவு முயன்றும் பயனில்லை.

றைபிள் சுடுதலுக்கான திறமைச் சின்னத்தைப் பெறுவதற்கான தேர்வுமுறைகளுள் ஒன்று கவனத்துக்குரியது. 50 அடி, அதாவது ஏறத்தாழ 15 மீற்றர் தூரத்தில் தாங்கியின்மீது றைபிளை வைத்துச் சுடவேண்டும். ஒரு தொகுதியின் துளைகள் அனைத்தும் அமெரிக்கக் கால் டொலர் நாணயக் குற்றியால் மூடப்படுமளவுக்கு நெருங்கியிருக்க வேண்டும். அக்குற்றி ஏறத்தாழ நமது ஐந்து ரூபாய்க் குற்றியின் அளவினது. இவ்வாறு ஐந்து தொகுதிகள் தேவை. துளைகள் மையத்தில் விழுந்தனவா என்பது இங்கு முதற் கேள்வியன்று. ஓரிடத்திலேயே நெருங்கி விழுந்தால் சுடுபவன் ஒவ்வொரு தடவையும் ஒரேவிதமாகச் செயற்படுகிறான் என்று பொருள். குறிமுளையைத் திருத்தி அந்தக் கூட்டத்தை மையத்துக்கு நகர்த்துவது பின்னர் இலகு. துளைகள் சிதறியிருந்தால் திருத்தப்படவேண்டியவன் சுடுபவனே.

அதே சின்னத்துக்கான வினாக்களில், வீட்டுக்கு வந்த நண்பன் உங்கள் குடும்பத்தின் துப்பாக்கியைக் காட்டும்படி கேட்டால் என்ன செய்வீர்கள் என்பதும் ஒன்று. இந்த ஒரு வினாவை முன்வைத்துத்தான் பயிற்சியின் பெறுமதி அளவிடப்படவேண்டும் என்பது எமது கருத்து. துப்பாக்கியை ஒத்த எதனையும் மனிதரை நோக்கி நீட்டக்கூடாது என்ற விதியை இச்சங்கம் எவ்வளவு தூரம் கொண்டுசெல்கிறது என்றால், நீர்த்துப்பாக்கியைக்கூட இலக்குப் பலகையை நோக்கியே பீய்ச்சலாம் என்ற அதன் கைநூல் விதி 2015இல் ஊடகங்களின் பரிகாசத்துக்கு உள்ளானது. நாமும் சிரித்திருப்போம். ஆயினும் விளையாட்டுத் துவக்குக்கும் மெய்த் துவக்குக்கும் இடையிலான மயக்கம் சிரிப்புக்குரியதன்று என்பதை ஆய்வுகள் காட்டுகின்றன.

2001இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவச் சஞ்சிகையொன்றில் வெளியான ஆய்வில், 8 முதல் 12 வயதுவரையான 64 சிறுவர்கள் இருவர் மூவராக 29 குழுக்களாகப் பிரிக்கப்பட்டு ஓர் அறையில் விடப்பட்டனர். அறையின் இழுப்பறைகளில் இரண்டு நீர்த்துப்பாக்கிகளும் ஒரு மெய்யான கைத்துப்பாக்கியும் மறைத்து வைக்கப்பட்டிருந்தன. கைத்துப்பாக்கியைக் கண்டெடுத்த 21 குழுக்களுள் 16இல் சிறுவர் அதனைக் கையாண்டனர். 10இல் விசையை அழுத்தினர். அவ்வாறு செய்தவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல், துப்பாக்கிப் பாதுகாப்புப் பற்றி ஏதோவொரு போதனையை முன்னரே பெற்றிருந்ததாகக் கூறினர். 2004இல் நான்கு, ஐந்து வயதினரிடம் நடத்தப்பட்ட மற்றோர் ஆய்விலும், தொடாதே, விலகு, பெரியவரிடம் சொல் என்ற வாசகத்தை ஒப்புவித்த பிள்ளைகள் மெய்ச் சூழலில் அதனைக் கடைப்பிடிக்கவில்லை. மறுபுறம், ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நிமிடப் பாதுகாப்பு ஒளிப்படத்தை ஒரு வாரத்துக்கு முன்னர் பார்த்த 8 முதல் 12 வயதினருள் ஏறத்தாழ 39 சதவீதத்தினரே துப்பாக்கியைத் தொட்டனர். வேறு ஒளிப்படம் பார்த்தோருள் 67 சதவீதத்தினர் தொட்டனர். போதனை பயனற்றதன்று. ஆனால் 39 சதவீதம் என்பது எந்தப் பெற்றோருக்கும் நித்திரை தரும் தொகையுமன்று.

வன்னியிலும் மூதூரிலும் பிள்ளைகளுக்கு மிதிவெடி அபாயக் கல்வி புகட்டிய ஆசிரியர்களுக்கு இது புதிய செய்தியாக இராது. தொடாதே, வந்த வழியே திரும்பு, பெரியவரிடம் சொல் என்று சுவரொட்டியிலும் நாடகத்திலும் கற்பித்தோம். கற்ற பிள்ளையும் மினுங்கும் பொருளொன்றைக் கண்டு கைநீட்டியதுண்டு. கட்டுத்துவக்கும் இடியன் துவக்கும் வீட்டுக் கூரையில் செருகப்பட்டிருக்கும் கிராமங்கள் இன்றும் உள்ளன. அங்கு சுடுதளமும் இல்லை, பொறுப்பாளரும் இல்லை.

சாரணர் சுடுதளத்தைப் பாதுகாப்பானதாக்குவது சிறுவனின் மனனம் மட்டுமன்று. அவனது தோளருகே நிற்கும் பெரியவரும், கணக்குப் பார்த்து வழங்கப்படும் தோட்டாவும், திறந்த நிலையில் வைக்கப்படும் றைபிளும் சேர்ந்தே அதனைச் சாத்தியமாக்குகின்றன. பயிற்சி பெற்ற சிறுவன் வீட்டுக்குத் திரும்பும்போது இவற்றுள் எதுவும் அவனுடன் வருவதில்லை. துப்பாக்கி மீதான ஆர்வம் மட்டும் வரக்கூடும். பயிற்சியை ஆதரிப்போர் இதனை இலகுவில் கடந்து போய்விடுகின்றனர். 2005இல் அமெரிக்க மருத்துவச் சங்கச் சஞ்சிகையில் வெளியான ஆய்வு, வீட்டுத் துப்பாக்கியைத் தோட்டா இன்றி வைத்தல், பூட்டி வைத்தல், தோட்டாக்களையும் பூட்டி வைத்தல், இரண்டையும் வெவ்வேறிடத்தில் வைத்தல் ஆகிய நான்கும் இளையோரின் தற்செயல் துப்பாக்கிக் காயங்களையும் தற்கொலையையும் குறைப்பதோடு தொடர்புடையன எனக் கண்டது. நான்கும் பெரியவர்கள் செய்யவேண்டியவை. முகாமில் மாலையானதும் அதுவே நடக்கிறது: றைபிள்கள் ஒரு பெட்டகத்திலும் தோட்டாக்கள் வேறொரு பெட்டகத்திலும் பூட்டப்படுகின்றன. சாவிகள் பொறுப்பாளரின் சட்டைப் பையில்.