இடது கையால் கிடார் வாசிக்கலாமா?

சாலவாக்கத்தில் இருந்து ஏழாம் வகுப்பு படிக்கும் வாசகி ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்.

"எனக்கு இடது கைப் பழக்கம். பிறந்த நாளுக்கு மாமா கிடார் வாங்கித் தந்தார். இடது கையால் மீட்டினால்தான் எனக்குச் சரியாக வருகிறது. ஆனால், 'நொட்டாங்கையால வாசிச்சா பாட்டு வராது. கையை மாத்து, இல்லாட்டி கிடாரை விட்டுடு' என்று சொல்கிறார்கள். நான் என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறார்.

நல்ல கேள்வி! ஏறக்குறைய பத்துப் பேரில் ஒருவருக்கு இடது கைப் பழக்கம் உண்டு. அவர்களில் உலகப் புகழ் பெற்ற கிடார் கலைஞர்களும் இருக்கிறார்கள். அவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போமா?

திருப்பினால் என்ன ஆகும்?

சாதாரண கிடாரை வலது கையால் மீட்ட வேண்டும். இடது கை விரல்கள் கழுத்துப் பகுதியில் தந்திகளை அழுத்தும். கிடாரில் ஆறு தந்திகள். தடிமனான தந்தி மேலே இருக்கும், மெல்லிய தந்தி கீழே இருக்கும்.

இதை அப்படியே இடது பக்கம் திருப்பிப் பிடித்தால் மெல்லிய தந்தி மேலே வந்துவிடும், தடிமனான தந்தி கீழே போய்விடும். புத்தகத்தில் போட்டிருக்கும் பாடம் எல்லாம் தலைகீழ்! இதைச் சமாளிக்க ஒவ்வொருவரும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்.

தந்தியை மாற்றியவர்

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1942-ல் பிறந்தவர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ். வலது கைக்காரர்களுக்கான மின்சாரக் கிடாரைத் திருப்பிப் பிடித்து, தந்திகளைக் கழற்றி வரிசை மாற்றிக் கட்டிக்கொண்டார். கீழே இருக்க வேண்டிய திருகுகள் மேலே வந்துவிட்டன. அதற்காக அவர் கவலைப்படவில்லை. 1969-ல் உட்ஸ்டாக் இசை விழாவில் அப்படிப்பட்ட ஒரு கிடாரில்தான் அமெரிக்க தேசிய கீதத்தை வாசித்து அசத்தினார்.

எதையும் மாற்றாத பாட்டி

எலிசபெத் காட்டன் சிறுமியாக இருந்தபோது அண்ணன் வேலைக்குப் போன நேரத்தில் அவருடைய பாஞ்சோவை எடுத்து வாசித்துப் பழகினார். பாஞ்சோ கிடாரைப் போன்ற ஒரு தந்தி வாத்தியம். அண்ணனுடைய வாத்தியத்தில் தந்தியை மாற்ற முடியுமா? அதனால் அப்படியே தலைகீழாகப் பிடித்துக்கொண்டார். கிடாரையும் அப்படியே வாசித்தார்.

மற்றவர்கள் கட்டை விரலால் தடிமனான தந்திகளையும், மற்ற விரல்களால் மெல்லிய தந்திகளையும் மீட்டுவார்கள். காட்டன் கட்டை விரலால் மெட்டை வாசித்தார், மற்ற விரல்களால் தடிமனான தந்திகளை மீட்டினார். இந்தப் பாணிக்கு அவர் பெயரே வந்துவிட்டது! வீட்டு வேலை செய்து பிழைத்த அவர், அறுபது வயதுக்கு மேல்தான் மேடை ஏறினார். 1985-ல் கிராமி விருது கிடைத்தபோது வயது தொண்ணூறைத் தாண்டியிருந்தது.

வயலின் வடிவக் கிடார்

பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னியும் இடது கைக்காரர்தான். 1961-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் வயலின் வடிவத்தில் ஒரு பேஸ் கிடார் வாங்கினார். அதன் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். அதனால் இடது பக்கம் பிடித்தாலும் கோணலாகத் தெரியாது! 1972-ல் திருட்டுப் போன அந்தக் கிடார் திரும்பக் கிடைத்துவிட்டதாக 2024-ல் அறிவிக்கப்பட்டது.

இடது கைப் பழக்கம் இருந்தும் வலது கைக்காரர்களைப் போலவே வாசிப்பவர்களும் உண்டு. மார்க் நாஃப்லர் அப்படிப்பட்டவர். தந்திகளை அழுத்தும் வேலைக்கு இடது கை நன்றாக உதவும் அல்லவா?

நம்ம ஊர் மேதை

நம் தமிழ்நாட்டிலும் ஒரு மேதை இருந்தார். அவர் மிருதங்கக் கலைஞர் பழனி சுப்பிரமணிய பிள்ளை. வலது கையால் வாசிக்கும் வலந்தலையை இவர் இடது கையால் வாசித்தார். மிருதங்கத்தைத் திருப்பி வைத்தால் போதும், வாத்தியத்தில் சிக்கல் இல்லை. சிக்கல் எங்கே வந்தது தெரியுமா? உட்காரும் இடத்தில்!

கச்சேரியில் வலந்தலை ரசிகர்களைப் பார்த்து இருக்க வேண்டும். அதனால் மிருதங்கக்காரர் பாடகரின் வலது பக்கம் உட்காருவார், வயலின்காரர் இடது பக்கம் உட்காருவார். பழனி வாசித்தால் இருவரும் இடம் மாற வேண்டும். இது எல்லோருக்கும் பிடிக்கவில்லை. அதனால் அவருக்கு வாய்ப்பு கிடைப்பது கடினமாக இருந்தது. அப்போது அவருக்குத் துணை நின்றவர் பெரும் பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர். பழனியைத் தம் கச்சேரிகளில் வாசிக்க வைத்து ஊக்கப்படுத்தினார். 1962-ல் மறைந்த பழனி சுப்பிரமணிய பிள்ளை, பாலக்காடு மணி ஐயர், ராமநாதபுரம் முருகபூபதி ஆகியோருடன் சேர்த்து மிருதங்க மும்மூர்த்திகளில் ஒருவராகப் போற்றப்படுகிறார். அவருக்குப் பின் வந்த தஞ்சாவூர் உபேந்திரனும் இடது கைக்காரர்தான்!

சாலவாக்கம் தோழிக்கு...

கிடாரை விட்டுவிடாதே! முதலில் ஒரு கிரிக்கெட் மட்டையைக் கிடார் போலப் பிடித்து வாசிப்பதாக நடித்துப் பார். எந்தக் கை தானாக மீட்டப் போகிறதோ, அதுதான் உன் கை.

அது இடது கை என்றால், வாத்தியம் பழுது பார்க்கும் கடையில் தந்திகளை வரிசை மாற்றிக் கட்டித் தரச் சொல். கழுத்தின் முனையில் தந்திகள் பதியும் சிறு பட்டையையும் மாற்றச் சொல். ஏனென்றால் அதில் உள்ள பள்ளங்கள் ஒவ்வொரு தந்தியின் தடிமனுக்கும் ஏற்ப வெட்டப்பட்டவை. உள்கூடு உள்ள கிடார் என்றால், கீழே தந்திகளைத் தாங்கும் பட்டை சற்றுச் சாய்வாக இருக்கும். அதையும் சரி செய்யாவிட்டால் சுருதி பிசகும்.

இன்னொரு லாபமும் உண்டு! வலது கையால் வாசிக்கும் மாஸ்டருக்கு எதிரே உட்கார்ந்தால், கண்ணாடியில் பார்ப்பது போல அப்படியே பார்த்துக் கற்கலாம்.

மற்ற சுட்டிகளே, உங்கள் வகுப்பில் இடது கையால் எழுதும் நண்பர் இருக்கிறாரா? பெஞ்சில் இடது ஓரத்தை அவருக்குக் கொடுங்கள். முழங்கை இடிக்காது. அவர் கையை மாற்ற வேண்டாம், நீங்கள் கொஞ்சம் இடம் மாறி உட்கார்ந்தால் போதும்!