சிட்டகாங் போய்ச் சேராத கப்பல்

வெளிநாட்டு ஊழியத்துக்குப் பெட்டி கட்டி வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு விசா இழுத்தடித்தால், "பொறுமையா இருங்க, கர்த்தர் பார்த்துக்குவார்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். சரி, பொறுமையாக இருக்கிறவர் திங்கட்கிழமை காலையில் எழுந்து என்ன செய்ய வேண்டும்? அதை யாரும் சொல்வதில்லை. பர்மாவில் நடந்த ஒன்றை வைத்துப் பேசலாம்.

அமெரிக்க மிஷனெரி அதோனிராம் ஜட்சனும் மனைவி ஆன் அம்மையாரும் 1813 ஜூலையில் ரங்கூனில் இறங்கினார்கள். அது அவர்கள் முதலில் நினைத்த ஊரே அல்ல. 1812இல் கல்கத்தா வந்தவர்களைக் கிழக்கிந்தியக் கம்பெனி தங்கவிடவில்லை. மொரீஷியஸ் போய், சென்னை வந்து, கிடைத்த கப்பலில் ஏறினார்கள். பிறகு நான்கு வருஷத்துக்கு மேல் மொழி படிப்பும் மொழிபெயர்ப்பும்தான். ஒருவரும் ஞானஸ்நானம் பெறவில்லை.

சிட்டகாங் பக்கம் பர்மிய மொழி தெரிந்த கிறிஸ்தவர்கள் இருப்பது ஜட்சனுக்குத் தெரியும். ஒருவரை அழைத்து வந்தால், ரங்கூன் ஜனங்கள் தங்கள் பேச்சிலேயே ஒரு விசுவாசியின் வாயால் கேட்பார்களே! அபூர்வமாக அந்த ஊருக்கு ஒரு கப்பலும் கிடைத்தது. 1817 கிறிஸ்மஸ் அன்று கிளம்பினார். மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று கணக்கு.

கப்பல் போக வேண்டிய திசைக்குத் திரும்பவே இல்லை. சிட்டகாங்கைக் கைவிட்டுச் சென்னைக்கு விட்டார்கள். எதிர்க்காற்று அதற்கும் விடவில்லை. சாப்பாடும் தண்ணீரும் தீர்ந்துகொண்டே வர, எதிர்ப்பட்ட நாட்டுப் படகுகளிடம் வாங்கிய பூஞ்சை பிடித்த நொய்யரிசிதான் ஆகாரம். நோயாளியாக மசூலிப்பட்டணத்தில் கரையேறி, ஏறக்குறைய 300 மைல் தரைவழியாகச் சென்னை வந்து, ரங்கூன் கப்பலுக்காக ஜூலை வரை காத்துக் கிடந்தார்.

இந்தக் கதையைப் பிரசங்கத்தில் சொல்கிறவர்கள் ஜட்சனின் பொறுமையோடு நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு ரங்கூன் வீடுதான் முக்கியமாகப் படுகிறது. சிட்டகாங்கிலிருந்து வந்த படகுக்காரர்கள், அந்தக் கப்பல் அங்கே வரவே இல்லை என்று ஆன் அம்மையாரிடம் சொன்னார்கள். புருஷன் உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாது. அதே நேரத்தில், உடன் இருந்த அச்சுக்காரர் ஹஃப்பை அதிகாரிகள் பிடித்து வைத்து விசாரித்தார்கள். போர்த்துக்கீசியப் பாதிரிமார்களை வெளியேற்றச் சொன்ன உத்தரவை இவர்மேல் ஏற்றியிருந்தார்கள். அம்மையார் பர்மிய ஆசிரியரைக் கொண்டு மனு எழுதி, ரங்கூனின் பர்மிய வைஸ்ராயிடம் நேரில் போய்க் கொடுத்து அவரை விடுவித்தார். பிறகு காலரா, யுத்தம் வரும் என்ற பேச்சு வேறு. ஹஃப் குடும்பம் கிளம்ப முடிவு செய்தது. அம்மையாரும் மனமில்லாமல் கப்பல் ஏறினார். கடலுக்குள் போகுமுன் கப்பலில் கோளாறு தெரிந்து பயணம் தடைபட்டது. அந்த இடைவெளியில் இறங்கி, தனியாக மிஷன் வீட்டுக்கே திரும்பிவிட்டார். ஆகஸ்டில் ஜட்சன் வந்து சேர்ந்தபோது வீடு பூட்டிக் கிடக்கவில்லை.

அம்மையார் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை, பாருங்கள். மனு எழுத வேண்டிய நாளில் மனு, மற்ற நாட்களில் படிப்பு. பர்மிய மொழி போதாதென்று, ரங்கூனில் இருந்த சயாம்காரர்களுக்காகச் சயாமிய மொழியும் கற்று, மத்தேயு சுவிசேஷத்தை அதில் மொழிபெயர்த்தார். நான் பொறுமை என்று சொல்வது இதைத்தான். தூதரகத்துக்கு நினைவூட்டுக் கடிதம் போடுவதை அவிசுவாசம் என்று நினைக்கிறவர்கள் நம் சபைகளில் உண்டு. வைஸ்ராய் வாசலில் போய் நின்ற இந்த அம்மையாரை அவர்கள் என்ன சொல்வார்களோ!

சிட்டகாங் ஆள் வரவே இல்லை. 1819 ஏப்ரலில் ஜட்சன் சாலையோரம் ஒரு சாவடி திறந்து, வருகிறவர் போகிறவரோடு உட்கார்ந்து பேசத் தொடங்கினார். ஜூன் 27 அன்று மவுங் நாவ் என்ற பர்மியர் முதலாவதாக ஞானஸ்நானம் பெற்றார். பேச அத்தனை வருஷப் படிப்பு கையில் இருந்தது.

ஆகவே தம்பி, தங்கைகளே, விசா வரும்போது வரட்டும். போகிற ஊரின் மொழி தெரிந்த ஒருவரை இந்த வாரமே தேடிப் பிடியுங்கள். அனுப்புகிற சபைக்கும் வீட்டாருக்கும் நிலவரத்தை உள்ளது உள்ளபடி மாதாமாதம் எழுதுங்கள்; செய்தி இல்லாமல் காத்திருப்பவர்களின் பாடுதான் பெரிய பாடு.