வீட்டு நடைபாதையும் மழைநீரின் வழியும்

வாசற்படியிலிருந்து வெளிக்கதவு வரையிலும், வீட்டைச் சுற்றியும், பேவர் பிளாக் கற்களையோ சுட்ட செங்கற்களையோ பதித்து வீட்டுக்காரரே அமைத்துக்கொள்ளும் நடைபாதை எளிய வேலையாகத் தோன்றினாலும், மனையில் விழும் மழைநீரின் போக்கை அது மாற்றிவிடுவதால், அதன் விளைவுகள் மனையின் எல்லையோடு நின்றுவிடுவதில்லை. ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் நீர் சேரும். அவ்வாறாயின், 20 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் உள்ள பாதையின் மீது 50 மில்லிமீட்டர் மழை பெய்யும்போது 1,200 லிட்டர் நீர் விழுகிறது. அதுவரை மண் உறிஞ்சிய இந்நீர், கற்களுக்கு அடியில் கான்கிரீட்டும் இடுக்குகளில் சிமென்ட் கலவையும் இட்டு மூடப்பட்ட பின்பு, வீட்டின் அடித்தளத்தையோ பக்கத்து மனையையோ தெருவையோ நாடிச் செல்லும்.

வீட்டிற்கே நேரும் கேடு மெதுவாக வெளிப்படுவதால் பலரும் அதைப் பாதையோடு தொடர்புபடுத்திப் பார்ப்பதில்லை. சுவரில் ஈரம் ஏறாதிருக்க அடித்தளத்தின் மேல் இடப்படும் ஈரத்தடுப்புப் பட்டைக்குக் குறைந்தது 15 சென்டிமீட்டர் கீழே பாதையின் மேல்மட்டம் இருக்கவேண்டும். பழைய சிமென்ட் தரையைப் பெயர்க்காமல் அதன் மேலேயே கல் பதிக்கும்போது இந்த இடைவெளி மறைந்து, சுவரில் ஈரம் ஏறிச் சுண்ணாம்பு உதிரத் தொடங்குகிறது. கொத்தனார்கள் ‘வாட்டம்’ என்று கூறும் சரிவு, வீட்டிலிருந்து விலகும் திசையில், ஒரு மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் அளவில் அமைவது நன்று.

பாதை அமிழ்ந்து கற்கள் ஏறியிறங்கி நிற்பதற்குக் கல்லைக் காட்டிலும் அதன் கீழுள்ள அடுக்குகளே பெரும்பாலும் காரணமாகின்றன. நன்கு இறுகிய மண்ணின் மேல், பெரியதும் சிறியதுமான ஜல்லி கலந்த கலவையைச் சுமார் 10 சென்டிமீட்டர் கனத்திற்குப் பரப்பித் திமிசு போட்டு இறுக்கி, அதன் மேல் 2.5 முதல் 3 சென்டிமீட்டர் வரை மட்டுமே மணல் படுகை இடுவதும், கற்கள் பக்கவாட்டில் நகராதபடி இரு ஓரங்களிலும் தடுப்புக்கல் பதிப்பதும், 2 முதல் 4 மில்லிமீட்டர் அகலமுள்ள இடுக்குகளில் உலர்ந்த நுண்மணலை நிரப்புவதும் சரியான முறையாகும். ஜல்லி அடுக்கின் மேடுபள்ளத்தை மணலைக் கூட்டியும் குறைத்தும் சரிசெய்துகொள்ளலாம் என்று எண்ணுவது பெரும் பிழை. ஏனெனில் மணல் மிகுந்த இடமே முதலில் அமிழும். ஈரத்தில் உப்பி வெயிலில் வெடிக்கும் கரிசல் மண்ணில், மேல்மண்ணை ஆழமாக வெட்டியெடுத்துவிட்டு கிராவல் நிரப்புவது இன்றியமையாதது. மணல் நிரம்பிய இடுக்குகள் நீரின் ஒரு பகுதியை மண்ணுக்குள் விடுகின்றன. எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு 2003-இல் கட்டாயமாக்கியிருப்பதால், எஞ்சும் நீரைச் சேகரிப்புக் குழிக்குத் திருப்புவதே முறை. அக்குழியின் வாயை மூடிப் பாதை போடுவது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று.

அண்டை வீட்டாருக்கு இதில் உள்ள உரிமையைத் தெளிவாக அறிதல் வேண்டும். மேட்டு நிலத்தில் விழும் மழைநீர் இயல்பாகத் தாழ்ந்த நிலத்தின் வழியே ஓடுவதற்கு 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் மனையை உயர்த்தியோ வாட்டத்தைத் திருப்பியோ நீரை ஒருமுகப்படுத்தி அடுத்தவர் சுவரின் மேல் விடுவது அந்த இயல்பான ஓட்டத்தில் அடங்காது. பாதிக்கப்பட்டவர் உரிமையியல் நீதிமன்றத்தில் உறுத்துக்கட்டளையும், அதாவது அச்செயலைத் தடுக்கும் ஆணையும், இழப்பீடும் கோரலாம். ஆயினும் வழக்கிற்கு முன்பே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகி மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் காண்பது, அன்றாடம் முகம் பார்த்து வாழவேண்டிய இரு குடும்பங்களுக்கும் உகந்தது; அதற்கான உதவி எண் 15100. வெளிக்கதவைத் தாண்டிச் சாலையோரத்திலும் மழைநீர் வடிகாலின் மீதும் நீட்டப்படும் சாய்தளம் ஆக்கிரமிப்பாகக் கருதப்பட்டு அகற்றப்படக்கூடும்.

வேலை செய்பவரின் உடலுக்கு நேரும் ஆபத்துகளுள் கல் அறுக்கும்போது எழும் தூசியே மிகக் கொடியது. அதிலுள்ள நுண்ணிய சிலிக்கா துகள்கள் நுரையீரலில் தங்கி உண்டாக்கும் சிலிக்கோசிஸ் நோய்க்குக் குணமாக்கும் மருத்துவம் இல்லை. முகத்தில் கட்டும் துண்டு அத்துகள்களைத் தடுக்காது. ஆதலால் நீர் விட்டு அறுப்பதும், என்-95 முகக்கவசமும் கண்ணாடியும் அணிவதும் தேவை. நீரும் மின்கருவியும் சேரும் இடத்தில், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சாதனம் உயிர்காக்கும். ஈரச் சிமென்ட் கடும் காரத்தன்மை உடையது என்பதால் வெறுங்கையால் அதைக் கலப்பது தோலைப் புண்ணாக்கும். மண்ணை வெட்டுமுன் மின்கம்பி, குடிநீர்க் குழாய் செல்லும் தடத்தை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

பேவர் பிளாக்கிற்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 15658 ஆகும். 2006-இல் வெளிவந்து 2021-இல் திருத்தப்பட்ட அதன் முதற்பதிப்பு, வீட்டு நடைபாதைக்கு எம்-30 தரத்தில் 50 மில்லிமீட்டர் கனத்தையும், கார் நிறுத்தும் இடங்களுக்கு எம்-35 தரத்தில் 60 மில்லிமீட்டர் கனத்தையும் குறைந்த அளவாக வகுத்தது. எம்-30 என்பது 28 நாளில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் அழுத்தத்தைத் தாங்கும் வலிமையைக் குறிக்கும். பளபளக்கும் கற்கள் கண்ணுக்கு இனியவையாயினும் நனைந்தால் வழுக்குபவை. முதியோர் உள்ள வீடுகளில் அவற்றைத் தவிர்ப்பது நலம். ஆற்றுமணல், கிராவல் வாங்குவோர் வண்டிக்குரிய நடைச்சீட்டைக் கேட்டுப் பார்க்கவேண்டும்.

சில மாதங்களில் கற்கள் பொடிந்தால் வாங்கியவருக்குத் துணைநிற்பது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். விற்றபின் பில் தராதிருப்பதையும், குறைபாடுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்திற்குள்ளும், அவ்வாறு குறிக்கப்படாதபோது 30 நாட்களுக்குள்ளும் திரும்பப் பெற மறுப்பதையும் அச்சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. முதலில் 1915 என்ற உதவி எண்ணில் புகார் செய்யலாம். தீராதபோது, இரண்டு ஆண்டுகளுக்குள், தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். 5 லட்சம் ரூபாய் வரை செலுத்தி வாங்கிய பொருளாயின் அதற்குக் கட்டணம் இல்லை. குறைபாட்டை ஆய்வகச் சோதனையின்றி முடிவுசெய்ய இயலாதபோது ஆணையம் மாதிரியை ஆய்வகத்திற்கு அனுப்பும் என்பதால், தரமும் கனமும் எழுதப்பட்ட பில்லோடு, பதிக்காத கற்கள் பத்தையேனும் தனியே எடுத்துவைத்திருத்தல் வேண்டும்.