அவளுக்கும் ஓர் அகவாழ்வு உண்டு

நெடுந்தீவிலிருந்து யாழ்ப்பாணம் சென்று பெரிய வைத்தியரைக் காண வேண்டுமாயின், முதலில் படகேறிக் குறிகட்டுவானை அடைதல் வேண்டும், பின்னரே பேருந்து. நடக்கவியலாத பெண்ணைப் பிறர் தூக்கியே படகில் ஏற்றுவர். எத்தனையோ கைகள் அவளுடலைத் தொடுகின்றன. அவளது விருப்பம் யாதென வினவும் வாய் ஒன்றேனும் உண்டா?

செவிப்புலன் அற்றவளாயின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. மாதவிலக்கைப் பற்றியோ கருத்தடையைப் பற்றியோ கேட்பதற்கும், அவளுக்கும் வைத்தியருக்கும் நடுவே தாயோ தமையனோ நின்று சைகையைப் பெயர்த்துரைக்க வேண்டும். தமையன் முன்னிலையில் எந்தப் பெண்தான் இவற்றைக் கேட்பாள்?

“இவளுக்கேன் கலியாணம்?” என்று நாம் எளிதிற் சொல்லிவிடுகிறோம். தங்கைக்குச் சீதனம் எழுதும் நாளில் மூத்தவளின் பேச்சே எழுவதில்லை. ஆனால், ஐக்கிய நாடுகள் சபை 2006 இல் நிறைவேற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயம், மணம் புரியவும், எத்தனை பிள்ளைகள் என்பதைத் தாமே முடிவுசெய்யவும் இவர்களுக்கு உரிமை உண்டென்கிறது. இலங்கையும் 2016 இல் அதனை ஏற்று உறுதிசெய்தது.

அயல்நாட்டு வழக்கொன்றும் ஈண்டு நினைக்கத்தக்கது. சண்டிகர் அரசு இல்லமொன்றில் வன்புணர்வுக்கு ஆளாகிக் கருவுற்றாள், மனவளர்ச்சி குன்றிய ஒரு பெண். கருவைக் கலைக்கப் பிறர் முனைந்தனர். அவளோ பிள்ளையைப் பெறவே விரும்பினாள். அவளது சம்மதமின்றிக் கலைத்தலாகாதென 2009 இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்த்தது.

நம் தீவுகளின் வைத்தியசாலைதோறும் சைகைமொழி அறிந்த தாதியொருவர் இருத்தல் வேண்டும் என்போம். தமையன் வெளியே காத்திருக்கட்டும்.